நிற்க நேரமில்லை, சரி. தைத்து முடிந்தது எத்தனை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் உள்ள தையற்கடைகளில், தைக்கக் கொடுத்த துணிப்பைகள் இப்போதே சுவரோரம் அடுக்கப்பட்டுவிட்டன. ஆறு வாரம் கழித்து எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும்: "மூச்சுவிட நேரமில்லை அக்கா." அதில் பொய் ஏதும் இல்லை. இரவு பதினொரு மணிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், வெட்டுமேசையில் விளக்கு எரியும். அப்படியும் பெருநாளுக்கு முதல் நாள் மாலை, கொக்கி தைக்காத ரவிக்கையை வாங்கிக்கொண்டு ஊக்குக் குத்திச் சமாளித்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்பும் பெண்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இவ்வளவு உழைத்தும் ஏன் இவ்வளவு தாமதம்? தையற்கடை நடத்துகிறவர்களும் துணி கொடுக்கிறவர்களும் சேர்ந்தே யோசிக்க வேண்டிய கேள்வி இது. இந்த ஆண்டுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றுதான் இக்கடிதம்.

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்ற பழமொழியைச் சிலர் இந்த இடத்தில் எடுத்துவிடுவார்கள். தையற்காரர்கள்மேல் அதை ஏவுவது அநியாயம். வேலை இருக்கிறது, அதை அவர்கள் செய்யவும் செய்கிறார்கள். கோளாறு எண்ணுவதில் இருக்கிறது. கடையில் எத்தனை பை சேர்ந்திருக்கிறது, இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பேர் தலைநிமிராமல் குனிந்திருந்தார்கள் என்றெல்லாம் எண்ணினால் கிடைப்பது பரபரப்பின் அளவு. முடித்து, இஸ்திரி போட்டு, திருத்தத்துக்குத் திரும்பி வராதபடி வாடிக்கையாளர் கைக்குப் போனவை எத்தனை, அதற்கு எல்லாரும் சேர்ந்து செலவிட்ட மணி நேரம் (ஆள்மணி) எத்தனை என்று எண்ணினால்தான் உற்பத்தித்திறன் தெரியும். இந்த இரண்டாவது கணக்கை எழுதிவைக்கும் கடைகள் மிகக் குறைவு.

ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கட்டிங் மாஸ்டர் ஒருவர், இயந்திரத்தில் இருவர், கைவேலைக்கு ஒருவர், முன்மேசையையும் இஸ்திரியையும் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர். வருவதெல்லாம் பெரும்பாலும் லைனிங் வைத்த ரவிக்கை. மாஸ்டர் ஒரு நாளைக்கு 20 வெட்டிவிடுவார். இரண்டு இயந்திரமும் சேர்ந்து 12 தைக்கும். கழுத்து, கை, இடுப்பு மூன்றையும் மடித்து ஹெம்மிங் செய்து, 5 அல்லது 6 கொக்கி வைத்து, எதிர்ப்பக்கம் நூல்வளையம் கட்டுவதற்கு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று வைத்தால், கைவேலை செய்பவர் 8 முடிப்பார். இஸ்திரி 30 கூடப் போடலாம்.

இந்தக் கடையிலிருந்து ஒரு நாளைக்கு வெளியே போவது எத்தனை? 8. மாஸ்டர் 25 வெட்டினாலும் 8. மூன்றாவது இயந்திரம் வாங்கிப் போட்டாலும் அதே 8. ஆறு நாளில் வெட்டியது 120, தைத்தது 72, முடிந்தது 48. வெட்டிய துண்டுகளாக இயந்திரத்துக்குக் காத்திருப்பவை 48, தைத்தும் கொக்கி இல்லாமல் காத்திருப்பவை 24. வாரம் முழுதும் யாரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் 72 ரவிக்கை அரைகுறையாகத் தொங்குகிறது. அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் மீண்டும் கத்தரியை எடுக்கிறார்.

வெட்டிவைப்பது முன்னேற்பாடுதானே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. வெட்டிய பட்டின் ஓரம் நாளாக நாளாகப் பிரியும். கால் அங்குலம் பிரிந்தால் தையலுக்கு விட்ட இடம் கரைந்துவிடும். ஒரே அரக்கு நிறத்தில் நாலு பேர் துணி கொடுத்திருந்தால் ஒருவர் கைத்துண்டு இன்னொருவர் பையில் போய்ச் சேரும். பின்கழுத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொல்லி வாடிக்கையாளர் ஒரு வாரம் கழித்துச் சொன்னால், வெட்டாத துணியில் அது ஒரு சாக்பீஸ் கோடு. வெட்டிய துணியில் ஒட்டுப்போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, தவறு தாமதமாகத் தெரிகிறது. வெட்டுவதற்கு வைத்திருக்கும் மாதிரி அட்டையில் அளவு பிசகியிருந்தால் அது முதல் ரவிக்கையைத் தைத்து முடிக்கும்போதுதான் புலப்படும். அதற்குள் 4 வெட்டியிருந்தால் நாலோடு போயிற்று, 20 வெட்டியிருந்தால் இருபதும் போயிற்று.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, தேவைக்கு முன்பே செய்து குவிப்பதை ஏழு வகை வீண்செலவுகளில் மிகக் கெட்டதாக வைத்தார். மற்ற வீண்செலவுகளை அது மறைத்துவிடுகிறது என்பதே காரணம். ஜப்பானிய எழுத்தில் 'அசைவு' என்ற எழுத்தின் பக்கத்தில் 'மனிதர்' என்ற குறியைச் சேர்த்தால் 'வேலை' என்ற எழுத்து கிடைக்கும்; அசைகிறவர்கள் எல்லாரும் வேலை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அந்தத் தொழிற்சாலையில் இதைச் சுட்டிக்காட்டுவார்கள். கார்த் தொழிற்சாலைக்கும் ரவிக்கைக்கும் என்ன பொருத்தம் என்று தோன்றலாம். துணி வெட்டுமேசையிலிருந்து இயந்திரத்துக்கும், அங்கிருந்து ஊசிக்கும் நகரும் இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

இனி, காத்திருக்கும் காலம். 1961-ஆம் ஆண்டு ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் கணிதமுறைப்படி நிறுவிய ஒரு விதி இருக்கிறது. வகுத்தல் தெரிந்த யாருக்கும் அது புரியும். கடைக்குள் இருக்கும் ரவிக்கைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ரவிக்கை சராசரியாகக் கடையில் கிடக்கும் நாள் கிடைக்கும். 120 ரவிக்கை இருக்கிறது, நாளொன்றுக்கு 8 முடிகிறது என்றால் 15 வேலை நாள். 24 ரவிக்கை என்றால் 3 நாள். தையல் வேகம் இரண்டிலும் ஒன்றே. எனவே "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்வதற்கு முன் கடைக்காரர் பார்க்க வேண்டியது வாடிக்கையாளரின் முகத்தை அல்ல, சுவரோரம் எத்தனை பை இருக்கிறது என்பதை.

வாக்குத் தவறும் இன்னொரு வழி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவது. மூன்று வாடிக்கையாளர்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் "உங்களுடையதைத் தொடங்கிவிட்டோம்" என்று சொல்ல ஆசை. ஒரு ரவிக்கைக்கு மொத்தம் 4 மணி நேரம், கையில் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தைத்தால் முதலாவது 10-ஆம் மணியில் முடியும், இரண்டாவது 11-இல், மூன்றாவது 12-இல். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் 4, 8, 12. கடைசி ஆளுக்கு ஒரு நிமிடமும் நட்டமில்லை. முதலாமவருக்கு 6 மணி நேரம் லாபம், இரண்டாமவருக்கு 3.

இதில் நூல் மாற்றும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேல்நூல், பாபின், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தின் மூன்று நூற்கண்டுகள், பட்டிலிருந்து பருத்திக்குப் போனால் ஊசியும் சேர்ந்து மாற வேண்டும். பட்டுக்கு 11-ஆம் எண் ஊசி, தடித்த லைனிங் வைத்த பருத்திக்கு 14. மாற்றாமல் தைத்தால் தடித்த ஊசி பட்டில் துளை விழச் செய்யும், மழுங்கிய ஊசி இழையை இழுத்துவிடும்; அப்புறம் அந்த ரவிக்கை திருத்தமாகத் திரும்பி வரும். மாற்றி மாற்றித் தைத்தவர் 12 முறை இதைச் செய்கிறார், வரிசையாகத் தைத்தவர் 3 முறை.

நூல் மாற்றுவதிலேயே ஒரு கைப்பழக்கம் உண்டு. ஓவர்லாக்கில் பழைய நூலைக் கண்டுக்கு அருகில் வெட்டி, புது நூலை அதோடு முடிச்சிட்டு, இறுக்கத்தைத் தளர்த்தி இழுத்தால் கீழ்நூல்கள் தாமாகவே கோர்த்துக்கொள்ளும். ஊசிக்குப் போகும் நூலில் மட்டும் முடிச்சு ஊசியின் காதில் நிற்கும். அங்கே வெட்டிவிட்டுக் கையால் கோர்க்க வேண்டும். நிறங்களைச் சேர்த்துவைத்துத் தைப்பதும் நல்லதுதான், ஒரு தடவைக்கு நான்குக்கு மேல் போகாத வரை. நூல் மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்தப் போய், பச்சை எல்லாவற்றையும் ஒரே நாளில் தைக்கிறேன் என்று 15 எடுத்தால், மஞ்சள் கொடுத்தவர் வியாழக்கிழமை வந்து நிற்பார்.

எல்லாரும் முழுநேரமும் வேலையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். வேலை ஒழுங்கில்லாமல் வருகிறது. ஒரு ரவிக்கைக்கு 40 நிமிடம், இன்னொன்றுக்கு முத்து கோர்க்க 2 மணி நேரம். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக 4 வேலை முடிக்க ஆகும் நேரம் காத்திருக்கும் என்கிறது வரிசைகளைப் பற்றிய கணிதத்தின் மிக எளிய சூத்திரம். 90 விழுக்காடு என்றால் 9. 95 என்றால் 19. அதாவது கைவேலைக்காரருக்கு ஒரு ரவிக்கை ஒரு மணி நேரம் என்றால், அவர் 95 விழுக்காடு நிரம்பியிருக்கும் கடையில் தைத்த ரவிக்கை கொக்கிக்காக 19 மணி நேரம், அதாவது இரண்டு முழு வேலை நாளுக்கும் மேல் தொங்கும். கடைசி நேரத்தில் வரும் மணப்பெண் ரவிக்கைக்கு அங்கே இடமே இருக்காது. கொஞ்சம் ஓய்வாகத் தெரியும் ஆள் கடைக்கு நட்டம் என்று நினைக்கும் முதலாளிகள் இந்த மூன்று எண்களையாவது எழுதி ஒட்டிவைக்கலாம்.

சரி, என்னதான் செய்வது? அந்த ஐந்து பேர் கடைக்கே வருவோம்.

முதலில் மாஸ்டரின் கத்தரி. கைவேலையில் 8 தான் முடிகிறது என்றால் அவர் 20 வெட்டத் தேவையில்லை. 10 வெட்டினால் போதும், அதற்கு அரை நாள் ஆகும். மிச்ச அரை நாளில் 2 மணி நேரம் அவர் கொக்கியும் ஹெம்மிங்கும் தைத்தால் நாளுக்கு 2 ரவிக்கை கூடுதலாக முடியும். 8 என்பது 10 ஆகிறது. புது ஆள் இல்லை, புது இயந்திரம் இல்லை, கடை ஒன்பது மணிக்கே மூடலாம். மாஸ்டர் முன்பைவிடப் பாதிதான் வெட்டுகிறார், கடையோ கால் பங்கு கூடுதலாகச் செய்கிறது. கட்டிங் மாஸ்டரைக் கொக்கி தைக்கச் சொல்வதா என்ற மனத்தாங்கல் வரும். வரத்தான் செய்யும், அந்தத் தொழிலில் கத்தரிக்கு இருக்கும் மரியாதை அப்படி. அதை அலட்சியம் செய்யாமல், அந்த 2 மணி நேரத்துக்குத் தனிக்கூலி வைத்து, காரணத்தை எண்ணோடு எடுத்துச் சொன்னால் பெரும்பாலான மாஸ்டர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து, கைவேலை செய்பவரின் ஒரு மணி நேரத்தில் உண்மையில் ஊசி துணியில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். கொக்கி டப்பாவைத் தேடுவது, நிறம் பொருந்தும் நூலைத் தேடுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, தொலைபேசியை எடுப்பது, பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றிவருவது. இவை அனைத்தும் அசைவு. காலையில் 20 ஊசியில் நூல் கோர்த்துத் தலையணைப் பஞ்சில் குத்திவைப்பது, ஒவ்வொரு பையிலும் எண்ணிய கொக்கியும் நூலும் முன்பே போட்டுவைப்பது, கை ஓரத்தையும் இடுப்பையும் இயந்திரத்திலேயே மடித்துத் தைத்துவிடுவது, இந்த மூன்றும் அவர் நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும். கட்டடத் தொழிலாளியாகத் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத், ஒரு செங்கல்லை வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ஆக இருந்ததை 350 ஆக உயர்த்தியது இப்படித்தான். செங்கல்லை இடுப்பு உயரத்தில் வைத்தார், யாரையும் வேகமாக ஓடச் சொல்லவில்லை.

மூன்றாவது, உள்ளே விடும் எண்ணிக்கைக்கு வரம்பு. 24 ஹேங்கர் வாங்கி 1 முதல் 24 வரை எண் எழுதி ஒரே கம்பியில் மாட்டுங்கள். வெட்டும் மேசையிலிருந்து இஸ்திரி வரை எந்த நிலையில் இருந்தாலும் ஒரு ரவிக்கைக்கு ஒரு ஹேங்கர். காலி ஹேங்கர் இல்லையென்றால் புதிதாக வெட்டக் கூடாது. இந்த ஒரே விதியைத்தான் கடைகள் முதல் வாரத்திலேயே உடைக்கும். "ஒன்றே ஒன்று, தெரிந்தவர்" என்று 25-ஆவது உள்ளே போகும், பிறகு 31, பிறகு கம்பியைவிட்டு நாற்காலிமேல். தெரிந்தவருக்கு முன்னுரிமை கொடுப்பதில் தப்பில்லை. அவர் ரவிக்கை அடுத்து காலியாகும் ஹேங்கரில் ஏறட்டும், அவ்வளவுதான்.

உள்ளே போகும் எதுவும் முழுப் பையாக இருக்க வேண்டும். துணி, லைனிங், நூல், கொக்கி, பைப்பிங் அல்லது பார்டர், அளவுச் சீட்டு, முன்கழுத்தும் பின்கழுத்தும் உறுதி செய்த படம். ஒன்று குறைந்தாலும் தொடங்க வேண்டாம். பாதி தைத்தபின் பார்டருக்காக நிற்கும் ரவிக்கை, ஒரு ஹேங்கரை ஒரு வாரம் முடக்கிவைக்கும். லைனிங் பருத்தியைக் குறைந்தது 2 மணி நேரம் நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி இஸ்திரி போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி அலையலையாக நிற்கும். அளவுச் சீட்டில் பெரும்பாலும் விடுபடுவது கைக்குழிச் சுற்றும் தோளிலிருந்து மார்புமுனை உயரமும். இந்த இரண்டும் இல்லாமல் வெட்டியதுதான் திருத்தத்துக்கு வரும் ரவிக்கைகளில் பெரும்பகுதி. பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது உள்ளே விட்டிருந்தால் திருத்தம் 15 நிமிடம். விடவில்லையென்றால் புதுத் துணி.

மிகைநேர வேலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2023 ஜனவரி 1 முதல் நம் மலேசிய வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை; அதற்கு முன் 48 ஆக இருந்தது. சாதாரண நாளில் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 8.17, ஒன்றரை மடங்கு 12.26. அந்தக் கடையின் இரண்டு இயந்திரக்காரர்களும் இரவில் 3 மணி நேரம் வீதம் 20 நாள் கூடுதலாகத் தைத்தால் 120 மணி நேரம், 1,471 ரிங்கிட். கொக்கி தைப்பவர் அதே 8-இல் நிற்கும்வரை இந்தப் பணத்துக்கு ஒரு ரவிக்கைகூடக் கூடுதலாக வெளியே போகாது. தொங்கும் குவியல்தான் உயரும். அதே 120 மணி நேரத்தைக் கைவேலைக்குக் கொடுத்திருந்தால், தைத்துக் காத்திருந்த 120 ரவிக்கை முடிந்திருக்கும். பெருநாள் காலத்தில் லாபம் எங்கே போயிற்று என்று தெரியாமல் திகைக்கும் கடைக்காரர்கள் தேட வேண்டிய இடங்களில் இது முதலாவது.

துண்டுக் கணக்கில் கூலி கொடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. துண்டுக்கூலி வாங்குகிறவருக்கும் மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் கிடைத்தாக வேண்டும் என்பது சட்டம். அத்துடன், இயந்திரத்தில் தைத்த துண்டுக்குக் கூலி என்றால் குவியும். முடிந்து கம்பியில் ஏறிய ரவிக்கைக்கு எல்லாருக்கும் பங்கு என்றால், இயந்திரக்காரரே எழுந்துபோய்க் கொக்கிக்கு உதவுவார்.

அப்புறம் அந்தக் கைப்பேசி. தாமதம் கூடினால் "அக்கா, ரெடியா?" என்ற வாட்ஸ்அப் கூடும். ஒவ்வொன்றுக்கும் ஊசியை நிறுத்தி, கையைத் துடைத்து, பையைத் தேடி, படம் எடுத்து அனுப்பினால் தையல் குறையும், தாமதம் இன்னும் கூடும், செய்தியும் இன்னும் வரும். பரபரப்பு தன்னைத் தானே பெற்றுப்போடுவது இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. துணி வாங்கும்போதே எண்ணிட்ட சீட்டும் தேதியும் கொடுத்துவிட வேண்டும். காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மட்டும், உரிமையாளர் ஒருவரே, எல்லாச் செய்திக்கும் சேர்த்துப் பதில் போட வேண்டும். ரவிக்கை முடிந்து கம்பியில் ஏறியதும் கேட்காமலே ஒரு செய்தி போகட்டும். ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வருமானவரிப் பிடித்தம் மூன்றுக்கும் மாதத்தின் 15-ஆம் நாள் கெடு என்பதால், அந்தக் கணக்கையும் 8-ஆம் நாளுக்குள் ஒரு காலை உட்கார்ந்து முடித்துவிடுவது நல்லது. 14-ஆம் நாள் இரவில் அதைச் செய்கிறவர் மறுநாள் கழுத்தை மாற்றி வெட்டுவார்.

எண்ணுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாலு கட்டம்: இன்று வந்த பை, முடிந்து ஏறியது, திருத்தத்துக்குத் திரும்பியது, எல்லாருடைய வேலை நேரத்தின் கூட்டுத்தொகை. கடை மூடும்போது 3 நிமிட வேலை. ஒரு வாரத்தில் 48 முடிந்து 6 திரும்பி, ஐந்து பேரும் 54 மணி நேரம் உழைத்திருந்தால், நிகரம் 42, செலவான ஆள்மணி 270, ஒன்றுக்கு ஏறக்குறைய 6.4 மணி நேரம். இன்னொரு வாரம் 46 முடிந்து 1 மட்டும் திரும்பி, எல்லாரும் 45 மணி நேரத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால், நிகரம் 45, ஆள்மணி 225, ஒன்றுக்குச் சரியாக 5. முதல் வாரம்தான் பரபரப்பாக இருந்திருக்கும், உழைத்ததாகவும் தோன்றியிருக்கும். முடிந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தாலும் முதல் வாரமே மேல். திருத்தத்தையும் நேரத்தையும் எழுதியிருந்தால்தான் எது நல்ல வாரம் என்று தெரியும்.

முன்பதிவையும் இதே எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பத்து வாரத்தில் கடைசி வாரத்தைத் திருத்தத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். மீதி 9 வாரம், வாரத்துக்கு 48 என்றால் 432. நோய், மின்தடை, இயந்திரப் பழுது, உறவினர் வீட்டுச் சாவு இவற்றுக்கு 15 விழுக்காடு கழித்தால் 367. மாஸ்டர் கொக்கிக்கு உதவி நாளுக்கு 10 ஆன கடையில் 540, கழித்தால் 459. அந்த எண் நிரம்பியதும் 'தீபாவளித் தையல் பதிவு முடிந்தது' என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனம் வராதுதான். ஆனால் திரும்பிப் போனவர் வேறு கடைக்குப் போய்த் தைத்துக்கொள்வார், பொங்கலுக்குத் திரும்பவும் வருவார். துணியை வாங்கிவைத்துக்கொண்டு தைத்துத் தராமல் விட்டால், அந்த வாடிக்கையாளர் வர மாட்டார்.

பதிவு வேறு, துணி வாங்குவது வேறு என்பதையும் பிரித்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். இப்போது தேதியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். துணி வாடிக்கையாளர் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். அவர் முறை வருவதற்கு இரண்டு நாள் முன்னால் செய்தி அனுப்பி வரவழைத்தால் போதும். 400 பை கடையில் கிடந்தால் அதைத் தேடவும், மாற்றி அடுக்கவும், எலிக்கும் ஈரத்துக்கும் காக்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளும் நாள் முழுதும் நிற்க நேரமில்லாமல்தான் இருப்பார். பினாங்கு லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில், பின்கட்டு ஈரம் ஏறும் மழைமாதங்களில், பட்டுக்கு இதுவே பாதுகாப்பான வழியும்கூட.

துணி கொடுக்கும் பெண்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அளவு ரவிக்கை என்று கொடுப்பது இந்த ஆண்டு உண்மையில் உடுத்திப் பொருந்தியதாக இருக்கட்டும்; மூன்று ஆண்டுக்கு முந்திய திருமண ரவிக்கையைக் கொடுத்துவிட்டு "கொஞ்சம் லூஸாக வைத்துவிடுங்கள்" என்றால் அந்தக் 'கொஞ்சம்' அரை அங்குலமா ஒன்றரை அங்குலமா என்று மாஸ்டருக்குத் தெரியாது. எங்கே இறுக்கம், எங்கே தொளதொளப்பு என்று அந்த ரவிக்கையிலேயே ஊக்குக் குத்திக் காட்டுங்கள். நேரில் அளவு கொடுப்பதானால் தடித்த குர்த்தாவின் மேல் கொடுக்காதீர்கள். கழுத்து வடிவத்துக்கு ஐந்து படம் அனுப்பாமல் ஒரே படம். துணி வெட்டியாகிவிட்டது என்று செய்தி வந்தபின் மாற்றம் கேட்காதீர்கள். பையில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதும்போது, 'தீபாவளிக்கு' என்று மொத்தமாக எழுதாமல், எந்த ரவிக்கை எந்த நாளில் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள்: இது எண்ணெய்க் குளியல் முடிந்து காலையில் உடுத்த, இது மறுவாரம் திறந்த இல்ல உபசரிப்புக்கு, இது அதற்கடுத்த வாரம் ரெஜிஸ்டர் திருமணத்துக்கு. மூன்றையும் ஒரே நாளில் கேட்கும் பையில் ஒன்றுக்குத்தான் உண்மையில் அவசரம் இருக்கும். மற்ற இரண்டு ஹேங்கரையும் பெருநாள் காலையில் உடுத்த ஒன்றே ஒன்று கொடுத்திருக்கும் வேறு இருவருக்கு விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தையற்கடைகளுக்குக் கணக்கும் பணிமுறையும் கற்றுக்கொடுக்கும் ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.